தலைப்பாகைக்குப் போன கஞ்சி

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு ஒட்டிக்கொண்ட கெட்ட பழக்கம், பொட்டலங்களின் முதுகைப் படிப்பது. காலமெல்லாம் கோப்பு படித்தவனுக்கு எழுத்து என்று ஏதாவது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. பிஸ்கட் உறை, ஜாம் பாட்டில், கஸ்டர்டு டப்பா, இருமல் மருந்து என்று எதைத் திருப்பினாலும் பொடி எழுத்தில் ஒரே ஆசாமிதான் ஒளிந்திருக்கிறான். மக்காச்சோளம். மாவாக, பாகாக, சர்க்கரையாக, எண்ணெயாக வேஷம் மாற்றிக்கொண்டு வருகிறான். மாத்திரை உதிராமல் நிற்பது அவனால். தபால் உறையின் ஓரத்தை நாக்கில் நனைத்தால் ஒட்டுவதும் அவனால்தான். மில் துணி கடையில் விறைத்துக்கொண்டு நிற்பதற்கும், நான் எழுதும் இந்தத் தாளில் மை ஊறிப் பரவாமல் இருப்பதற்கும் அவன் தயவு வேண்டும்.

செய்முறையும் எனக்குத் தெரியும். முறை என்று எது இருந்தாலும் தெரிந்து வைத்துக்கொள்வது என் சுபாவம். தானியத்தைக் கந்தகம் கலந்த வெந்நீரில் இரண்டு நாள் ஊறப் போடுவார்கள். முளையைப் பிரித்து எண்ணெய்க்கு அனுப்புவார்கள். தோலையும் சத்தையும் பிரித்து மாட்டுக்கு அனுப்புவார்கள். மிச்சத்தைத் திரும்பத் திரும்பக் கழுவினால் நிறம், மணம், ருசி எதுவும் இல்லாத ஒரு வெள்ளைப் பொடி அடியில் தங்கும். அதை அமிலம் விட்டுக் காய்ச்சினால் குளுக்கோஸ். வறுத்தால் பசை. ஒன்றும் செய்யாமல் டின்னில் அடைத்தால் கார்ன்ஃப்ளார். ஒரு பொருளிடமிருந்து அதன் குணம் அத்தனையையும் எடுத்துவிட்டால் அது எல்லா வேலைக்கும் உதவும். அரசாங்க உத்தியோகத்துக்கு ஆள் தயாரிப்பதும் ஏறக்குறைய இப்படித்தான்.

இந்தப் பொடி ஒரு டின் ஒரு காலத்தில் என் மனைவியின் வயிற்றுக்கு மருந்தாக வந்தது. அது என் தலைப்பாகைக்குப் போனது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

இரண்டாம் உலக யுத்தத்தின் பிற்பகுதி. இன்று தர்மபுரி மாவட்டம் என்கிறார்களே, அது அப்போது சேலம் ஜில்லாவில் சேர்ந்திருந்தது. அதில் ஒரு தாலுகா ஆபீஸில் நான் சப்ளை பிரிவு குமாஸ்தா. எந்தத் தாலுகா என்பது வேண்டாம். தவறு தாலுகாவினுடையது அல்ல. அரிசி ரேஷனுக்கு வந்து, பிறகு ரேஷனிலும் இல்லாமல் போனது. அதற்குப் பதில் மொரப்பூர் ஸ்டேஷனில் வேகன் வேகனாக மக்காச்சோளம் வந்து இறங்கியது. எங்கள் பக்கத்து ஜனங்கள் கேழ்வரகுக் களி தின்று வளர்ந்தவர்கள், கல்லையும் செரிப்பார்கள். ஆனாலும் அந்த மஞ்சள் பல்வரிசையைப் பார்த்துத் திகைத்துப் போனார்கள். ரேஷன் டிப்போவில் நான் இருப்பு சரிபார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு விவசாயி கேட்டார்:

"ஏனுங்க, இது மாட்டுக்குங்களா, மனுசனுக்குங்களா?"

"அரசாங்கம் கொடுக்குது. மனுஷனுக்குத்தான்."

"அப்ப மொதல்ல அரசாங்கம் ஒரு வாய் தின்னு காட்டட்டுங்க. நாங்க பின்னால திங்கறோம்."

என் வீட்டிலும் அதைத்தான் இடித்துக் களி கிண்டினோம். சப்ளை குமாஸ்தா வீட்டில் மட்டும் அரிசி வேகிறது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதில் நான் குறியாக இருந்தேன். என் மனைவி மாரண்டஹள்ளிப் பக்கத்துப் பெண். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தமிழ் பேசுவாள், தெலுங்கு பேசுவாள், கோபம் வந்தால் எனக்குப் புரியாது என்ற தைரியத்தில் கன்னடத்தில் திட்டுவாள். எனக்குப் புரியும். பதினோரு வருட வாழ்க்கையில் அதை அவளிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் சுதந்திரம் போயிருக்கும்.

அந்த வருஷம் பிறந்த பிள்ளை தங்காமல் போனது. அதன் பிறகு அவளுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. ஒரு நாளைக்கு ஏழு முறை, எட்டு முறை. கிராணி என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். களி கூடாது, சோளம் கூடாது, கோதுமை கூடாது. கார்ன்ஃப்ளார் கஞ்சியும் மோரும் மட்டும், ஒரு மாதத்துக்கு. வயிறு ஓய்வெடுத்தால் பிழைப்பாள், இல்லாவிட்டால் கஷ்டம் என்று என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்.

"சோளம் கூடாதுன்னீங்க. கார்ன்ஃப்ளாரும் சோளம்தானே டாக்டர்?"

"முழுசா தின்னா கெடுக்கும். நாலு தரம் கழுவினது மருந்து. நீ குமாஸ்தாதானே, சொன்னதைச் செய்யேன்."

கார்ன்ஃப்ளார் கடையில் கிடைக்காது. கப்பலில் வந்துகொண்டிருந்த சரக்கு யுத்தத்தில் நின்றுவிட்டது. உள்நாட்டில் உண்டாவது துணி மில்லுக்கும் காகிதத்துக்கும் மருந்துக்கும் போனது. நோயாளி உணவு என்று ஜில்லாவுக்குச் சில டின்கள் ஒதுக்குவார்கள். டாக்டர் சர்டிபிகேட், குடும்ப அட்டை, இரண்டு பிரதிகளில் மனு. தபால் குமாஸ்தா அதற்கு எண் போடுவார். பிறகு அது சப்ளை பிரிவுக்கு வரும். அதாவது என் மேஜைக்கு. சொந்த மனுவைத் தானே பார்க்கக் கூடாது என்பதால் பக்கத்து மேஜைக்கு மாற்றும்படி நானே குறிப்பு எழுதினேன். அந்தக் குறிப்பால் ஒரு வாரம் தாமதமானது. ஆனால் குறிப்பு மிக அழகான குறிப்பு.

டின் வந்தது. சைக்கிள் ஓட்டத் தெரியாத நான் அதை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனேன். வழியில் பார்த்தவர்கள் குழந்தை என்று நினைத்திருக்கலாம். அவள் மூடியைத் திறந்து விரலால் தொட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"ஒண்ணுமே இல்லீங்களே! ருசியும் இல்ல, வாசனையும் இல்ல."

"அதுதான் மருந்து."

"உங்கள மாதிரியேதான் இருக்குது," என்றாள்.

முதல் நான்கு நாள் நான் முன்னால் நின்று குடிக்க வைத்தேன். ஐந்தாம் நாள் வயிறு அடங்கியது. முகத்தில் கொஞ்சம் ரத்தம் தெரிந்தது. அதன் பிறகு நான் ஆபீஸில் ஜமாபந்தி வேலையில் மூழ்கிவிட்டேன். அவளே காய்ச்சிக் குடித்துக்கொள்வாள் என்று இருந்துவிட்டேன்.

ஜமாபந்தி என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை மேலதிகாரி தாலுகாவுக்கு வந்து கூடாரம் போட்டு, கிராமக் கணக்கு அத்தனையையும் தணிக்கை செய்வார். நாங்கள் கோட்டும் தலைப்பாகையுமாக ரிஜிஸ்தரைத் தாங்கிக்கொண்டு எதிரே நிற்க வேண்டும். முந்தின வருஷம் அந்த அதிகாரி என் ரிஜிஸ்தரைப் பார்க்காமல் என் தலையைப் பார்த்தார். தலைப்பாகை தளர்ந்து ஒரு பக்கம் காதில் விழுந்திருந்தது. "நீ கணக்குக் காட்ட வந்தவனா, கூடாரம் தூக்க வந்தவனா?" என்றார். கிராமத்து மணியக்காரர்களும் கணக்கெழுதும் கர்ணங்களும் கூடியிருந்த இடம். நல்ல சிரிப்பு.

தலைப்பாகை நிற்க வேண்டுமானால் கஞ்சி வேண்டும். கஞ்சிக்கு அரிசி வேண்டும். சாப்பிடவே அரிசி இல்லாதபோது துணிக்கு எங்கே போவது? என் மனைவி அதற்கு முன் கேழ்வரகுக் கஞ்சி போட்டுப் பார்த்திருந்தாள். வெள்ளை மல் துணி செம்மண் நிறத்துக்கு வந்தது. மக்காச்சோள மாவில் முக்கினாள், மஞ்சளாகிவிட்டது. ஒன்றும் போடாமல் கட்டிக்கொண்டுதான் போயிருந்தேன். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். "ஒரு தலைப்பாகைக்கு வழி பண்ண முடியாத வீடு" என்று சொன்னேன். ஒரே வாக்கியம்தான். எனக்கு அது மறந்தும் போனது.

டின் வந்த வருஷம் ஜமாபந்திக்கு முந்தின நாள் கொடியில் காய்ந்த தலைப்பாகை பலகை மாதிரி நின்றது. பால் வெள்ளை. "எங்கிருந்து கஞ்சி?" என்று கேட்டேன். "வண்ணாத்தி போட்டுக் கொண்டாந்தாள்" என்றாள். கட்டிக்கொண்டு போனேன். அதிகாரி என் எதிரே வந்தார், தலையிலிருந்து கால்வரை பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் அடுத்த ஆளிடம் போனார். அதிகாரிகளிடமிருந்து கிடைக்கக்கூடிய அதிகபட்சப் பாராட்டு அது. ஜமாபந்தி நடந்த ஒன்பது நாளும் நான் நிமிர்ந்து நின்றேன். ஒவ்வொரு நாளும் சட்டை காலர் கழுத்தை அறுத்தது, அதுவும் சுகமாக இருந்தது.

பத்தாம் நாள் வீட்டில் இருந்தபோது அவள் பின்கட்டுக்குப் போவதும் வருவதுமாக இருப்பதைக் கவனித்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நான் போய் டின்னைத் தூக்கினேன். இன்னும் பாதியாவது இருக்க வேண்டிய டின். காற்று மாதிரி இருந்தது.

"இது எங்கே போச்சு?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"குடிச்சியா இல்லையா?"

"குடிச்சேனுங்க. நாலு நாள் குடிச்சனே, நின்னுதானே போச்சு. வண்ணாத்தி பார்த்துட்டு, இதுதானம்மா ஆஸ்பத்திரி துணிக்கெல்லாம் போடறாங்க, வெள்ளை வெளேர்னு நிக்கும்னா. ஒரு கை போட்டுப் பார்த்தேன்."

"ஒரு கையா?"

"ஆறு கெஜத் துணிங்க. எவ்வளவு ஊத்தினாலும் குடிச்சுட்டே இருக்குது. ரெண்டு தலைப்பாகை, அஞ்சு சட்டை." பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டாள், "அவங்க என்ன சொன்னாங்க?"

"யாரு?"

"அந்த தொரைங்க. போன வருசம் பேசினவங்க. இந்த வருசம் என்ன சொன்னாங்க?"

நான் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. சத்தம் போட்டேன். மருந்தை எடுத்துத் துணிக்குப் பூசிய மூதேவி என்றேன். ஒன்றும் சொல்லாமல் போனார் என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது புரிந்திருக்கும், சந்தோஷப்பட்டிருப்பாள். சொல்லவில்லை.

இரண்டாவது டின்னுக்கு மனுப் போட வேண்டும். அதற்கு முறை தனி. காலி டின்னைத் திருப்பிக் கொடுத்து, "வழங்கப்பட்ட உணவு முழுவதும் நோயாளியாலேயே உட்கொள்ளப்பட்டது" என்று உறுதிமொழி எழுத வேண்டும். அந்த உறுதிமொழியின் தமிழ் வாசகம் எங்கள் தாலுகாவுக்கு நான் எழுதிக் கொடுத்தது. அப்படிப் பொய் எழுதிய இரண்டு பேரை நானே கண்டுபிடித்து மனுவை நிராகரிக்கப் பரிந்துரைத்தும் இருக்கிறேன்.

தலைமை குமாஸ்தா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். வயதானவர், வெற்றிலைக்காரர், என்மேல் பிரியம் உள்ளவர்.

"என்ன தம்பி, அச்சடிச்ச மாதிரி எழுதிக்கிட்டு போறே. உறுதிமொழி எங்கே?"

"அது உண்மையில்லை சார். நடந்ததை எழுதியிருக்கேன்."

வாங்கிப் படித்தார். வெற்றிலையை மெல்லுவது நின்றது.

"பைத்தியமாப்பா உனக்கு? 'முழுவதும் உட்கொள்ளப்பட்டது.' ரெண்டு வார்த்தை. எழுதினா உன் கை நொடிஞ்சா போயிடும்?"

"நான் நிராகரிச்ச ரெண்டு பேருக்கு என்ன சார் பதில் சொல்றது?"

"அவங்க உன்னை வந்து கேட்டாங்களா? பொண்டாட்டி வயிறு கேக்குதுப்பா. எழுது."

எழுதவில்லை. உண்மையை ஒப்புக்கொண்டால் மேலே இருப்பவர்கள் அதை மதித்துச் சலுகை தருவார்கள் என்று நினைத்தேன். மேலே போகப் போக மனிதர்கள் நேர்மையை இன்னும் அதிகமாக விரும்புவார்கள் என்று ஒரு குமாஸ்தாவால்தான் நம்ப முடியும். மனு இப்படி முடிந்தது: "ஒரு பகுதி என் மனைவியின் அறியாமையால் சலவைக்குப் பயன்படுத்தப்பட்டுவிட்டது. தயைகூர்ந்து மன்னித்து மீண்டும் வழங்கக் கோருகிறேன்."

பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. நோயாளி உணவு வேறு உபயோகத்துக்குத் திருப்பப்பட்டது மனுதாரரின் வாக்குமூலத்தாலேயே தெரிவதால், அக்குடும்பத்துக்கு மேற்கொண்டு வழங்குவதற்கில்லை. விதிப்படி சரியான உத்தரவு. நானாக இருந்தாலும் அதையே எழுதியிருப்பேன்.

அதற்குள் டாக்டர் கூவைக்கிழங்கு மாவு கிடைக்குமா என்று கேட்டார். சித்தேரி மலைக்காரர்களிடம் சொல்லி அனுப்பினேன். மழை பெய்து அடங்கின பிறகுதான் கிழங்கு தோண்டுவோம் என்று பதில் வந்தது. நான் பறிமுதலுக்குக் குறிப்பு எழுதிய கள்ளச் சந்தைக்கே போவது என்று கடைசியில் முடிவு செய்தேன். பெட்ரோல் தட்டுப்பாட்டுக்காகக் கரியடுப்பு மாட்டிய பஸ்ஸில் புகை குடித்து மொரப்பூர் போய், ரயிலேறி சேலம் போனேன். கடை கடையாக ஏறி இறங்கினேன். கார்ன்ஃப்ளார் இல்லை. எங்கோ பழைய கஸ்டர்டு பவுடர் ஒரு டப்பா இருந்தது; அதே மாவு, நிறமும் வாசனையும் சேர்த்தது. அப்போதுதான் அங்கே செய்யத் தொடங்கியிருந்த ஜவ்வரிசியும் கொஞ்சம் வாங்கினேன். கஸ்டர்டின் வாசனை பட்டதும் அவள் குமட்டினாள். ஜவ்வரிசிக் கஞ்சி இரண்டு கரண்டி இறங்கியது, இறங்கிய வேகத்தில் போனது. முன்பே கொடுத்திருந்தால் நின்றிருக்குமோ என்னவோ.

மறுநாள் காலை அவள் கேட்டாள், "ஏங்க, அந்தப் பேப்பர்ல என்ன எழுதினீங்க? ஏன் இல்லைன்னுட்டாங்க?"

என் பிரதியை எடுத்துப் படித்துக் காட்டினேன். படிக்கும்போது நல்ல மனுவாகத்தான் கேட்டது. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவள் ஓர் இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"அறியாமைன்னா?"

"தெரியாத்தனம்."

"தெரியாமப் போட்டேன்னா எழுதினீங்க?" கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "படிக்கத் தெரியாதவதான். எது மருந்து, எது கஞ்சின்னு தெரியாதவளா நானு? தெரிஞ்சுதானுங்க போட்டேன். நாலு பேர் நடுவுல நீங்க தலை குனிஞ்சு நிக்கக் கூடாதுன்னு போட்டேன்."

நான் காகிதத்தை மடித்தேன்.

"எத்தனை பேருங்க இதைப் படிச்சாங்க?"

எனக்குக் கேள்வி என்று ஒன்று வந்தால் முறைப்படி பதில் சொல்லித்தான் பழக்கம். தபால் குமாஸ்தா, பக்கத்து மேஜைக் குமாஸ்தா, தலைமை குமாஸ்தா, டிப்டி தாசில்தார், தாசில்தார், மேலே இன்னும் மூன்று பேர் என்று வரிசையாகச் சொன்னேன்.

"அடக் கடவுளே, ஒரு ஊரே படிச்சிருச்சே," என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரமானது. பிறகு, "அதைத் திருப்பி வாங்கிடுங்க. எனக்கு டின்னு வேண்டாம். புருசன் சட்டைக்கு மருந்தைப் பூசின மூடம்னு எல்லாரும் பேசிக்குவாங்க. அது வேண்டாங்க," என்றாள்.

எண் போட்ட காகிதத்தைத் திரும்பப் பெற விதி கிடையாது என்று அவளுக்கு விளக்கினேன். விளக்கினேன் என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. அவள் கன்னடத்தில் ஏதோ சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அதுவும் எனக்குப் புரிந்தது. இந்த மனுஷனுக்கு எப்படித்தான் புரிய வைப்பது என்றாள். திட்டு இல்லை, சும்மா தனக்குத்தானே கேட்டுக்கொண்டது.

ஆறு நாள் கழித்து, மத்தியானம், நான் மோர் கலக்கிக்கொண்டிருந்தபோது போய்விட்டாள். டின் கிடைத்திருந்தாலும் பிழைத்திருப்பாள் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். டாக்டர்கள் சொல்லக் கடமைப்பட்ட வாக்கியம் அது. அவருக்கும் ஒரு விதிமுறை இருக்கும்.

குடும்பத்தில் ஒருவர் இறந்தால் குறிப்பிட்ட நாளுக்குள் ரேஷன் அட்டையில் ஒரு தலையைக் குறைக்க மனுச் செய்ய வேண்டும். ஜனங்கள் இதைச் செய்வதில்லை என்று வருஷம் முழுதும் புகார் எழுதியவன் நான். செத்தவர்கள் பெயரில் எத்தனை பேர் சர்க்கரை வாங்குகிறார்கள் என்று பட்டியல் தயாரித்தவனும் நான்தான். காரியம் முடிந்து ஆபீஸ் போன முதல் நாள் அந்தப் படிவத்தை எடுத்தேன். பெயர், வயது, உறவு எழுதினேன். குறைப்பதற்கான காரணம் என்று ஒரு கட்டம். அங்கே பேனா நின்றது. தலைமை குமாஸ்தா என் மேஜைப் பக்கம் வந்தார், படிவத்தைப் பார்த்தார், தன் மேஜைக்குத் திரும்பிப் போய்விட்டார்.

படிவத்தைக் கிழித்தேன்.

ரேஷன் இருந்தவரை என் அட்டையில் இரண்டு தலை இருந்தது. ஒவ்வொரு வருஷமும் சரிபார்க்க ஒரு புதுக் குமாஸ்தா வீட்டு வாசலுக்கு வருவான். என்னிடமே தொழில் கற்றவனாக இருப்பான். மரியாதையோடு, உள்ளே எட்டிப் பார்க்காமல் கேட்பான்:

"வூட்ல எத்தனை பேருங்க சார்?"

"ரெண்டு பேர்," என்பேன்.

அவன் எழுதிக்கொண்டு போவான். டிப்போவில் இரண்டு பேருக்கான சர்க்கரையை அளந்து போடுவார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒருவனாக உட்கார்ந்து, இரண்டு பேர் பங்கையும் காபியில் போட்டுக் குடித்தேன். இனிப்பாகத்தான் இருந்தது.